கண்டதை மட்டும் சொன்னவர்

ஒரு கல்லை அவர் கையில் கொடுத்தால் முதலில் நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார். முகம் சுளிக்க வேண்டாம். காய்ந்த கல் தன் நிறத்தைக் காட்டாது. ஈரம் பட்டால்தான் அதன் கோடுகளும் மணிகளும் தெரியும். தண்ணீர்ப் போத்தல் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் அதை எட்டி எடுக்கும் பொறுமை அவருக்கு இருந்ததில்லை. நாக்கால் ஒரு தொடுகை. பிறகு கழுத்தில் நூலில் தொங்கும் சிறிய பூதக்கண்ணாடி. பிறகு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. அது ஒரு நிமிடமாகவும் இருக்கலாம், பத்து நிமிடமாகவும் இருக்கலாம். அதன்பின் அவர் சொல்வது, நாங்கள் கேட்க விரும்பியதைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும்.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. கேட்டுப் பார்த்தேன். "பேர் போட்டீரெண்டால் நான் ஒவ்வொரு வரியையும் வாசிச்சுச் சரிபார்க்க வேணும். எனக்கு இப்ப கண் சரியில்லை" என்றார். இப்போது மன்னாரில் தங்கையோடு இருக்கிறார். ரொறன்ரோவில் நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம்.

மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், கற்களைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் நானும் அவரும் வேலை செய்தோம். உலகத்தின் எந்த மூலையில் யார் மலையைத் துளைத்தாலும் அந்தக் கல்லில் ஒரு பங்கு சாக்கில் கட்டப்பட்டு அங்கே வரும். அதை உலர்த்தி, உடைத்து, மாவாக அரைத்து, உருக்கி, அதில் எவ்வளவு தங்கம், எவ்வளவு செம்பு என்று சொல்வார்கள். ஊரில் கணிதம் படிப்பித்த நான் சாக்கு எண்களைக் கணினியில் பதிந்தேன். ஊரில் புவிச்சரிதவியல், அதாவது கல்லையும் மலையையும் ஆராயும் படிப்பு, படித்துப் பட்டம் பெற்ற அவர் கல் உடைக்கும் அறையில் நின்றார். மாலையில் வெளியே வரும்போது முகமூடி இருந்த இடம் தவிர மற்றெல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். அவருக்கு வாகனம் ஓடத் தெரியாது. வெக்ஸ்போர்டில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தார். அதனால் ஒன்பது வருடங்கள், காலையும் மாலையும், நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையின் நெரிசலில் என் காரின் முன் இருக்கை அவருடையதாக இருந்தது.

அந்த நெரிசலில்தான் அவரை நான் அறிந்தேன். அவரிடம் இரண்டே சொற்கள் இருந்தன. ஒன்று "கண்டனான்", அதாவது நான் கண்டேன். மற்றது "காணேல்லை", நான் காணவில்லை.

ஒரு நாள் கார் ஸ்பீக்கரில் ஒரு அன்ரி அழைத்தார். அக்காவின் தேவாலயத்துக்கு வரும் ஒரு பையனைத் தன் மகளுக்குப் பேசுகிறார்களாம்.

"பெடியன் எப்பிடிப் பிள்ளை, நல்லவனோ?"

"மூண்டு தரம் கண்டனான், அன்ரி. மூண்டு தரமும் நல்லவன்."

"பிறகென்ன, நல்லவன்தானே!"

"நாலாம் தரம் நான் காணேல்லை."

அன்ரி கோபத்தில் அழைப்பைத் துண்டித்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. "ஏன் சிரிக்கிறீர்? அவ கேட்டா, நான் சொன்னன்" என்றார்.

என் கணவருக்கு அவரைச் சீண்டுவதில் பெரிய விருப்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அக்கா எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தபோது கேட்டார். "அக்கா, ஒவ்வொரு கிழமையும் கோயிலுக்குப் போறியள். கடவுளைக் கண்டனீங்களோ?"

அவர் மீன் முள்ளைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இல்லைத் தம்பி. அதுதான் அவருக்கு நான் கையெழுத்துப் போடுறேல்லை. கும்பிடுறதோட நிப்பாட்டிக்கொள்ளுறன்."

கையெழுத்து என்று அவர் சொன்னதை விளக்க வேண்டும். கல் உடைத்துக்கொண்டே அவர் பரீட்சைகளை எழுதினார். ஐம்பத்தைந்து வயதுக்குக் கிட்ட, இந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற புவிச்சரிதவியலாளர் ஆனார். இங்கே பங்குச் சந்தையில் உள்ள ஒரு சுரங்கக் கம்பனி தன் மலையைப் பற்றிப் பொதுமக்களுக்கு அறிக்கை வெளியிடுவதென்றால், அப்படித் தகுதி பெற்ற ஒருவர் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து, அறிக்கையின் கீழே கையெழுத்திட வேண்டும். அக்காவின் கையெழுத்தை வாங்குவது கடினம் என்று விரைவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு கம்பனி, பனியில் பாதை மூடிவிட்டது, படங்கள் இருக்கின்றன, காணொளி இருக்கிறது, அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டது. "பனி உருகட்டும்" என்றார். அவர்கள் வேறு ஆளிடம் போனார்கள். அந்தப் பனிக்காலம் முழுவதும் அவர் திரும்பவும் கல் உடைக்கும் அறைக்கு வந்தார். காரில் ஏறும்போது ஒரு வார்த்தைகூட முறையிடவில்லை.

நான் பயந்த சுபாவம். அவரைப் பார்க்கும்போதெல்லாம் இவ்வளவு குறைவான சொற்களில் ஒருவர் எப்படி நிமிர்ந்து நிற்கிறார் என்று வியப்பாக இருக்கும்.

அவர் இங்குள்ள எங்கள் சனத்தோடு பகைத்துக்கொண்டதும் ஒரு கல்லால்தான். கோட் போட்ட ஒரு தம்பி ஸ்காபரோவில் விருந்து மண்டபம் எடுத்து எங்கள் ஆட்களைக் கூட்டினார். சுவரில் பெரிய பெரிய மலைப் படங்கள் ஓடின. கிர்கிஸ்தான். கடலே இல்லாத நாடு, ஆனால் மலைக்குள் தங்கம், செம்பு, வெள்ளி, உலகம் தேடுகிற அரிய உலோகங்கள். இப்போது பணம் முதலிடுகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகளாம். ரோல்ஸும் கட்லட்டும் வந்தன. தம்பி ஒரு கல்லை உயர்த்திக் காட்டி, "எங்கட அக்கா ஒருத்தர் இஞ்ச இருக்கிறா. இதில கைதேர்ந்தவ. அவவே சொல்லட்டும்" என்றார்.

அக்கா மேடைக்குப் போனார். முந்நூறு பேருக்கு முன்னால் கல்லை நாக்கால் தொட்டார். மண்டபம் சிரித்தது. பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். மண்டபம் அடங்கியது. பிறகு ஒலிவாங்கியில் சொன்னார்: "இந்தக் கல்லில தங்கம் இருக்கு."

கைதட்டல் கூரையைத் தொட்டது. கைதட்டலுக்குள்ளே அவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். முன் வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. "இந்தக் கல்லு எந்த மலையில இருந்து வந்ததெண்டு நான் காணேல்லை. அந்த மலையில இருந்து ஒரு லொறி இறங்கிறதுக்குப் பாதை இருக்கோ எண்டும் காணேல்லை." இரண்டாம் பாதியை யாருமே கேட்கவில்லை. கேட்டவர்களும் வீட்டுக்குப் போகும் வழியில் தவறவிட்டார்கள். அடுத்த நாள் கடைகளில், கோயில் வாசலில், எல்லா இடமும் ஒரே பேச்சு: "அக்காவே சொல்லிப்போட்டா, தங்கம் இருக்காம்."

அதற்குப் பிறகு ஒரு மாதம், என் காரில் இருந்தபடியே, மண்டபத்துக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்தார். "நான் சொன்னதில பாதியை விட்டிட்டியள். மற்றப் பாதியைச் சொல்லவே எடுக்கிறன்" என்று தொடங்குவார். சிலர் நன்றி சொன்னார்கள். "உங்களுக்கு எங்கட ஆக்கள் முன்னேறிறது பிடிக்கேல்லை" என்று ஒருவர் கத்தினார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டு, அடுத்த எண்ணை அழுத்துவார். அந்த மலைக்கு என்ன ஆனது என்பதை மண்டபத்தில் இருந்தவர்கள் இப்போது பேசுவதில்லை.

அடுத்த வருடம் வேறொரு கம்பனி அவரை அதே நாட்டுக்கு அனுப்பியது. ஆவணி மாதம் போய் ஒரு மாதம் நின்று வந்தார். மண்டபத்துத் தம்பியின் மலை எப்படி என்று என் கணவர் ஆவலாய்க் கேட்டார்.

"அது பக்கத்து மலை. தூரத்தில இருந்து கண்டனான். தூரத்தில எல்லா மலையும் நல்ல வடிவு."

அவர் கண்ட மலையைப் பற்றி மட்டும் நிறையச் சொன்னார். அவ்வளவு சொற்களை அவரிடமிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். புல்வெளியில் வட்டக் கூடாரங்கள். நடக்கப் பழகுமுன் குதிரை ஏறும் பிள்ளைகள். கல்லில் செம்பும் தங்கமும் இருப்பது உண்மை. ஆனால் அதைக் கடலுக்குக் கொண்டுவர இரண்டு மூன்று நாடுகளின் எல்லையைக் கடக்க வேண்டும்; பாதை போட வேண்டிய சரிவின் கீழேதான் கிராமம் தண்ணீர் அள்ளும் ஓடை. அதையும் அறிக்கையில் எழுதினாராம். கம்பனி ஏற்றுக்கொண்டு, தண்ணீரைக் கண்காணிக்க ஆட்களை வைப்பதாகச் சொன்னதாம். "அங்கத்தைய சனம் கடலைக் கண்டதில்லை. நான் மன்னார் எண்டு சொல்ல, உப்புத் தண்ணி எப்பிடி இருக்குமெண்டு கேட்டினம்" என்றவர், கைப்பையிலிருந்து ஒரு சாம்பல் கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதில் ஒரு சிப்பி, விசிறி போன்ற அதன் வரிகளோடு அப்படியே படிந்திருந்தது.

"மலை உச்சியில, காலடியில கிடந்தது. கடல் இல்லாத நாடெண்டு எல்லாரும் சொல்லுகினம். கடல் அங்க இருந்திருக்கு. நான் கண்டனான்."

அவர் சாதாரணப் பெண், முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு பஸ்ஸில் திரிகிறவர். அவர் பேச்சில் ஒரு சமுத்திரம் எழுந்து மலையாகி நின்றது.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆரணி சுற்றாடல் பொறியியல் படித்தவள். பங்குனியில் டவுன்ரவுனில் நடக்கும் பெரிய சுரங்கக் கண்காட்சிக்கு, இலவசப் பைகள் வாங்கத்தான் சிநேகிதியோடு போனாள். வேலையோடு திரும்பினாள். அதே நாடு, அதே கம்பனி, அக்கா போய்வந்த அதே முகாம். ஓடைத் தண்ணீரைச் சோதிக்கும் வேலை. இரண்டு கிழமையில் பயணம். நான் அவளைப் பாடசாலைச் சுற்றுலாவுக்கே அழுதுகொண்டு அனுப்பியவள். என் கணவர் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். மகள், "அப்பா, ஐ ஆம் ருவென்ரி-ஃபோர்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் காரில் அக்காவைக் கேட்டேன். "நீங்கள் நிண்ட இடம்தானே. பிள்ளையை அனுப்பலாமோ?"

நெடுஞ்சாலையில் மூன்று வெளியேறும் பாதைகளைக் கடந்த பிறகுதான் பதில் வந்தது.

"நல்ல இடம். நல்ல சனம். நான் கண்டது ஆவணியில. சித்திரையில, பனி உருகேக்க, அந்தச் சரிவு எப்பிடி நிக்குமெண்டு நான் காணேல்லை."

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவரிடம் நான் சொன்னது இது: "அக்காவே சொல்லிப்போட்டா. நல்ல இடமாம்."

மண்டபத்தில் முன் வரிசையில் இருந்து முழுவதையும் கேட்டவள், பாதியோடு போனவர்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். மகள் என்னோடு பேசாமல் இருந்த அந்த வீட்டில், எனக்கும் பாதிதான் தேவைப்பட்டது. அந்த வார்த்தையை நம்பி என் கணவர் சம்மதித்தார். அவரே விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார்.

சித்திரை நடுப்பகுதியில், மூன்று நாள் மழைக்குப் பிறகு, அந்தச் சரிவு இறங்கியது. பாதையையும் முகாமின் ஒரு பகுதியையும் மண் மூடிவிட்டதாக இணையத்தில் இரண்டு வரிச் செய்தி. மகளின் தொலைபேசி வேலை செய்யவில்லை. கம்பனி அலுவலகத்தில் ஒரு பெண் மிக மரியாதையாக, "எல்லோரும் பாதுகாப்பாக இருப்பதாக நம்புகிறோம்" என்றார். யார் பார்த்தது என்று கேட்டேன். மறுபடியும் நம்புகிறோம் என்றார். சொந்தக்காரர்கள் வந்து தேநீர் போட்டுத் தந்து, "ஒண்டும் நடந்திருக்காது, பயப்பிடாதேங்கோ" என்றார்கள். இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள் காலையில் அக்கா பஸ் எடுத்து வந்தார். வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, ஒருக்காச் சொல்லுங்கோ. பிள்ளை இருக்கிறாள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

அவர் என் கையை விடாமல் என்னைப் பார்த்தார். "நான் காணேல்லை" என்றார்.

என்னென்ன சொல்லித் திட்டினேனோ தெரியாது. கல்லு என்று சொன்னேன். பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்றும் சொன்னேன். அதை இன்றைக்கும் நினைக்க முடியவில்லை. என் கணவர் என்னைப் பிடித்து இருத்தினார். அக்கா சப்பாத்தைக் கழற்றாமல், கதவடி மிதியடியில் நின்றபடியே பேசினார்.

"சண்டை நேரம் எங்கட அண்ணையைப் பிடிச்சுக்கொண்டுபோன பிறகு, பதினொரு பேர் வந்து சொன்னவை, உயிரோட இருக்கிறார் எண்டு. இந்தக் காம்பில, அந்தச் சிறையில எண்டு. எல்லாரும் நல்ல ஆக்கள். அம்மாவை ஆறுதல்படுத்தச் சொன்னவை. ஒருத்தரும் காணேல்லை. அம்மா பதினொரு இடத்துக்கும் போனவ. பதினொரு தரமும் நான்தான் கையைப் பிடிச்சுத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தனான்." மூச்சு எடுத்தார். "உம்மை நான் அப்பிடிப் போகவிடமாட்டன். பின்னேரம் பிளேன். போய்ப் பாத்துச் சொல்லுறன்."

அவருக்கு அப்போது அறுபத்தொரு வயது. ரிக்கெட்டை ஏற்கெனவே எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

அதன்பின் மூன்று நாள் எந்தச் செய்தியும் இல்லை. நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு, நீண்ட விசித்திரமான எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. காற்றுச் சத்தம். அதற்குள் அவர் குரல்.

"பேனை இருக்கோ?"

"அக்கா…"

"பேனையை எடும். நான் சொல்லச் சொல்ல எழுதும். ஒண்டும் விடக்கூடாது."

மேசையில் கிடந்த கடித உறையைப் பிரட்டினேன்.

"ஆரணி. எனக்கு முன்னால, கை எட்டுற தூரத்தில, மர வாங்கில இருக்கிறா. மூச்சு விடுறா. எழுதினனீரோ?"

"ஓம்" என்றேன். எழுதவில்லை. பேனை கீழே விழுந்துவிட்டது. குனிந்து எடுத்து, அதையும் எழுதினேன்.

"தலை. மயிர் முழுக்கச் சேறு. நெத்தியில இடப்பக்கம் காயம், ரெண்டு தையல், ஆரோ வடிவாத் தைச்சிருக்கினம். கண் ரெண்டும் என்ர விரலுக்குப் பின்னால வருது. பல்லு முழுக்க இருக்கு, எண்ணினனான். வலது தோள் விலகி, திரும்பப் போட்டு, சால்வையால கட்டியிருக்கு. நோகுதெண்டு சொல்லுறா. நோவை நான் காணேல்லை, அவ சொன்னதெண்டு எழுதும்."

"ஓம் அக்கா."

"வலது முழங்காலில ஒரு தழும்பு. பழசு."

"ஐஞ்சு வயசில சைக்கிளால விழுந்தவள், அக்கா…"

"அதை நான் காணேல்லை, எழுதத் தேவையில்லை. பாதம். சப்பாத்துக் கழட்டச் சொல்லியிருக்கிறன். பொறும்."

காற்றுக்குள் ஒரு சிணுங்கல் கேட்டது. "அன்ரி, ஐ ஆம் ஓகே! கூசுது, விடுங்கோ." நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"கால் விரல் பத்து. பத்தும் அசையுது. நான் கண்டது இவ்வளவுதான். மிச்சத்தை அவவைக் கேளும்."

தொலைபேசி கைமாறியது. "அம்மா? அழாதேங்கோ அம்மா. முகாமில எல்லாரும் ஓகே. றோட் இல்லையெண்டு அன்ரி குதிரையில வந்தவ. ஷீ ஹேற்ஸ் த ஹோர்ஸ், அம்மா." பிறகு இணைப்பு அறுந்தது.

வெளியே காருக்குப் பக்கத்தில் நின்ற என் கணவர் என் சத்தத்தைக் கேட்டு ஓடி வந்தார். முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கப் பயந்து நின்றார். உறையை நீட்டினேன்.

அவர் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். மூச்சு விடுறா என்ற இடத்தில் குசினித் தரையிலேயே இருந்துவிட்டார். இருந்தபடி தொடர்ந்தார். நெற்றி, கண், தோள். "பல்லையும் எண்ணினவவோ?" என்று நிமிர்ந்து என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். பத்தும் அசையுது என்பது வரை வந்து முடித்தார்.

பிறகு உறையை நெஞ்சோடு ஒருமுறை அழுத்திவிட்டு, நேராகப் பிடித்து, மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசித்தார். மெதுவாக, ஒரு சொல்லையும் விடாமல்.